கால் போகாத இடமும் வெளிச்சம் போதாத இடமும்: பிரைம் லென்ஸா, ஜூமா?

“மாமா, பிஃப்டி வாங்கவா, இல்ல எழுபது-முந்நூறு வாங்கவா?”

அக்கா மகன் கேமரா லென்ஸைப் பற்றி இதைக் கேட்டது பாம்பன் தெற்குவாடிக் கரையில், விடியக்காலை ஐந்தரை மணிக்கு. கேமராவோடு சேர்ந்து வந்த 18-55 கிட் லென்ஸ்தான் அவனிடம் இருந்தது. மீன் ஏலம் சூடுபிடித்திருந்தது. வெளிச்சம் என்று பார்த்தால், கொட்டகைக் கம்பில் தொங்கிய ஒற்றை எல்.இ.டி. விளக்கு. நண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவைப் பத்துப் படம் எடுத்திருந்தான். பத்திலும் கூடை தெளிவு, பின்னலைக்கூட எண்ணிவிடலாம். அந்தம்மாவின் கைகள் மட்டும் புகையாய்க் கலைந்திருந்தன.

“கை ஆடிருச்சு போல மாமா.”

“உன் கை ஆடுனா கூடையும்ல சேர்ந்து ஆடியிருக்கும்? ஆடுனது அந்தம்மா கை. ஷட்டர் எவ்வளவுல ஓடியிருக்குன்னு பாரு.”

பார்த்தான். 1/13 நொடி ஷட்டர் திறந்திருக்கிறது. நண்டு பொறுக்குகிற கை அந்த நேரத்துக்குள் இடம் மாறிவிடும்.

அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் ராமநாதபுரம் பக்கம் கல்யாண வேலை எடுக்கிறவன். வேலை இல்லாத நாளில் தேவிபட்டினத்திலிருந்து தனுஷ்கோடி வரை கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவேன். பிரைம் நல்லதா, ஜூம் நல்லதா என்று கேட்பது, வலை நல்லதா தூண்டில் நல்லதா என்று கேட்பது மாதிரி. எந்த மீன், எந்தத் தண்ணி என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. அதனால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீ எடுக்க நினைத்துக் கோட்டைவிட்ட படங்கள் எதனால் போயின? கிட்டப் போக முடியாமல் போனதா, வெளிச்சம் போதாமல் போனதா?

முதலில் வார்த்தைகளைத் தெளிவாக்கிக்கொள்வோம். லென்ஸின் பெயரில் வரும் எம்.எம். எண், அதன் குவியத் தூரம். எண் சிறிதாக இருந்தால் காட்சி அகலமாக விழும். பெரிதாக இருந்தால் தூரத்துப் பொருள் கிட்ட வரும். ஜூம் லென்ஸில் வளையத்தைத் திருகி அந்த எண்ணை மாற்றலாம்: 18-55, 70-300 என்று. பிரைமில் மாற்ற முடியாது. அவன் கேட்ட பிஃப்டி, அதாவது 50 எம்.எம். பிரைம், காலையிலும் 50, ராத்திரியும் 50. அகலமாக வேண்டுமானால் நாம்தான் பின்னால் போக வேண்டும்.

‘ஃபாஸ்ட்’ பிரைம் என்கிறார்களே, லென்ஸுக்கு ஏது வேகம்? வெளிச்சம் நுழையும் துளை பெரிதாக இருப்பதால் ஷட்டரை வேகமாக அடிக்க முடிகிறது. அந்த வேகத்தை லென்ஸின் தலையில் ஏற்றிச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

துளையின் அளவைச் சொல்வது எஃப் எண். தொடக்கக்காரர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது: எண் சிறிதானால் துளை பெரிது. ஏன் இந்தத் தலைகீழ்? எஃப் எண் ஒரு வகுத்தல் கணக்கு. 50 எம்.எம். லென்ஸில் எஃப் 2 என்றால் ஐம்பதை இரண்டால் வகுக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் அகலத் துளை. எஃப் 8 என்றால் எட்டால் வகுக்க வேண்டும், ஆறேகால் மில்லிமீட்டர்தான். ஒரு சீலா மீனை இரண்டாக நறுக்கினால் துண்டு எவ்வளவு பெரிது, எட்டாக நறுக்கினால் எவ்வளவு சிறிது? அதே கதை.

இந்த எண்கள் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று படிக்கட்டு மாதிரி போகும். ஒரு படி தாண்டினால் வெளிச்சம் பாதியாகும். இந்தப் படியைத்தான் ‘ஒரு ஸ்டாப்’ என்பார்கள். கிட் லென்ஸின் மூக்கில் 3.5-5.6 என்று இரண்டு எண் எழுதியிருக்கும். 18-இல் வைத்தால் 3.5 வரை திறக்கும். 55-க்குத் திருகினால் 5.6-க்கு மேல் திறக்காது. அதாவது கிட்ட இழுக்க இழுக்க எஃப் எண் ஏறி, வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். தெற்குவாடியில் நடந்தது அதுதான். அந்தம்மாவைக் கூச்சப்படுத்தாமல் தள்ளி நின்று 55-இல் இழுத்து எடுத்திருக்கிறான். லென்ஸ் 5.6-இல் மூச்சு முட்டியிருக்கிறது.

அதே இடத்தில் ஒரு 50 எம்.எம். எஃப் 1.8 இருந்திருந்தால்? 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய பத்து. பத்து மடங்கு வெளிச்சம். 1/13-இல் ஓடிய ஷட்டர் 1/125-இல் ஓடியிருக்கும். கை நின்றிருக்கும்.

என் பையிலிருந்த பிஃப்டியை மாட்டிக் கொடுத்தேன். ஐ.எஸ்.ஓ.-வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன் எண்ணை, தொடவில்லை. அடுத்த படத்தில் அந்தம்மாவின் விரல் நண்டின் பின்னங்காலை மடக்கிப் பிடித்திருப்பது, நகத்தில் ஒட்டிய மணல், ஈரத்தில் மின்னும் வளையல் எல்லாம் இருந்தது. அவன் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், அந்த நிமிஷமே கடைக்குப் போய் வாங்கிவிடுவான் என்று தெரிந்தது. நான்தான் கொஞ்சம் பொறு என்றேன். பாதிக் கதைதான் ஆகியிருந்தது.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். “கிட் லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் இருக்கே மாமா, அது பத்தாதா?” ஸ்டெபிலைசர் நம் கை ஆட்டத்தைத்தான் தாங்கும், எதிரே இருப்பவரின் அசைவை அது நிறுத்தாது. கூடை தெளிவாக விழுந்ததற்குக் காரணம் ஸ்டெபிலைசர். கை கலைந்ததற்கு அது என்ன செய்யும்? அசையாத கோபுரம், நிற்கிற பாலம், இரவில் வெறிச்சோடிய தெரு, இவற்றுக்கு ஸ்டெபிலைசர் உள்ள ஜூம் தாராளமாகப் போதும். ஐ.எஸ்.ஓ.-வை ஏற்றலாமே என்றால், ஏற்றலாம்தான். இன்றைய கேமராக்கள் 3200, 6400 எல்லாம் நன்றாகவே தாங்குகின்றன. ஆனால் பத்து மடங்கு ஏற்ற வேண்டுமென்றால் 3200 என்பது 32,000 ஆகிறது. தொடக்க நிலை கேமராவில் அந்த எண்ணில் முகம், ரவை தூவியது போல வரும்.

இப்போது பிரைம் எனக்கு வைத்த ஆப்பைச் சொல்கிறேன்.

பிஃப்டி வாங்கிய புதிது. தங்கச்சிமடத்தில் ஒரு சர்ச் கல்யாணம். பெரிய துளை கிடைத்த சந்தோஷத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை 1.8-ஐ விட்டு இறங்கவே இல்லை. பின்னணி வெண்ணெயாய் உருகியது; எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. ஆல்பம் பார்க்க வந்த பெண்ணின் அப்பா, மோதிரம் மாற்றும் படத்தில் விரலை வைத்தார். “தம்பி, பொண்ணு நல்லாருக்கு. மாப்பிள்ளை ஏன் கலங்கலா இருக்காரு?”

மாப்பிள்ளை பெண்ணுக்கு ஒரு தோள் அளவு பின்னால் நின்றிருந்தார். அது போதும். படம் பதியும் சென்சார் சின்னதாக உள்ள கிராப் பாடியில் 50 எம்.எம். லென்ஸை 1.8-இல் திறந்து, இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பவரை போகஸ் செய்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 11 சென்டிமீட்டர்தான். ஒரு சாண்கூட இல்லை. மூக்கிலிருந்து காது வரைக்கும் சரியாக இருக்கும். பக்கத்து ஆள் அவுட். அதே தூரத்தில் 5.6-க்கு மூடினால் 35 சென்டிமீட்டர் கிடைக்கும்; இரண்டு பேரும் உள்ளே வந்துவிடுவார்கள். வெளிச்சம் இல்லாததால் மூட முடியாது என்றால் பின்னால் போக வேண்டும். இரண்டு மீட்டருக்குப் பதில் நாலு மீட்டரில் நின்றால் ஆழம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். 1.8-இலேயே 45 சென்டிமீட்டர். தெரிந்திருந்தால் அன்றைக்கு நாலு எட்டு பின்னால் வைத்திருப்பேன். அந்த ஒரு படத்துக்காக அந்த வீட்டுக்கு நான் போட்டுக் கொடுத்த இலவச பிரேம் இன்னமும் அவர்கள் ஹாலில் தொங்குகிறது. அதிலும் மாப்பிள்ளை தனியாகத்தான் இருக்கிறார்.

பெரிய துளை வீணாகும் நேரமும் உண்டு. தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனையில் மதியம் பன்னிரண்டு மணி. வெள்ளை மணல், இரண்டு பக்கமும் கடல், தலைக்கு மேலே வெயில். பிலிம் காலத்துக் கணக்கு ஒன்று உண்டு: பளிச்சென்ற வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16, ஷட்டர் 1/125. அந்த வெளிச்சத்தில் 1.8-ஐத் திறந்தால் ஷட்டர் ஏறக்குறைய 1/10,000 வரை போக வேண்டும். தொடக்க நிலை கேமராக்கள் பலவற்றில் 1/4000-தான் எல்லை. படம் சுண்ணாம்பு அடித்த சுவராக வரும். கருப்பு பில்டர் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் எஃப் 8-இல் மூடி எடுத்தால் கிட் ஜூமே போதுமே! எஃப் 8-இல் எடுத்த கிட் லென்ஸ் படத்தையும் பிரைம் படத்தையும் மொபைலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எதுவென்று நானே சில நேரம் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். பட்டப்பகலில், கடற்கரையில் மட்டும் படம் எடுக்கிறவர் ஃபாஸ்ட் பிரைமுக்குக் காசு போடுவது, என் பார்வையில், மழைக்கோட்டை வெயிலில் போட்டுக்கொண்டு திரிவதற்குச் சமம்.

பிரைம் கட்சிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம் ஒன்று உண்டு: ஜூம் எதற்கு, நடந்து கிட்டப் போனால் போச்சு. ஊர்ப்பக்கம் தெருவில் இது சரி. கடற்கரையில் சரிப்படாது. இங்கே பத்து எட்டு வைத்தால் தண்ணி வந்துவிடும். வள்ளம் அலையில் ஏறி இறங்கி வருவதைக் கரையில் நின்றுதான் எடுக்க முடியும். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று ரயில் பாலத்தைப் பார்த்தால் நடுவில் இருப்பது கடல். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய ரயில் பாலத்தில் நடுவே 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே தூக்கிக்கொள்ளும். 1914-இலிருந்து இருந்த பழைய பாலத்தில் இரண்டு கைகளும் விரிகிற மாதிரித் திறந்துகொண்டிருந்தன. புதியதின் முழு நீளமும் வேண்டுமென்றால் அகல லென்ஸ் வேண்டும். தூக்குக் கோபுரத்துக்குக் கீழே நுழையும் படகு மட்டும் வேண்டுமென்றால் 200-க்கு இழுக்க வேண்டும். இரண்டுக்கும் நாம் நிற்கும் இடம் ஒன்றேதான். கால் கட்டிப்போட்ட இடத்தில் வளையம்தான் நடக்கிறது.

பூநாரையை எடுத்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் தனுஷ்கோடிச் சேற்று நீரில் கூட்டம் கூட்டமாக இறங்கும். 2025 ஜூனில் அந்தப் பகுதியை அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. பறவை நின்றால் நாலேகால் அடி உயரம் இருக்கும். நூற்றைம்பது மீட்டர் தள்ளி நிற்கும் அதைக் கிராப் பாடியில் 50 எம்.எம். வைத்து எடுத்தால், படத்தின் உயரத்தில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் பறவை. வெள்ளைப் புள்ளி. 300-இல் ஆறில் ஒரு பங்கு. அப்போதுதான் கழுத்தின் வளைவு தெரியும். கிட்டப் போனால் சேறு முழங்கால் வரை இழுக்கும், பறவையும் எழுந்து பறந்துவிடும். பறவையைக் கலைத்து எடுக்கிற படம் எனக்குப் பிடிப்பதில்லை; அது வேறு கதை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணி தாண்டிவிட்டால் சூடேறிய மணலுக்கு மேல் கானல் எழும். அப்போது எத்தனை லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருந்தாலும் பறவை தண்ணிக்குள் தெரியும் பிம்பம் மாதிரி நெளியும். பலர் லென்ஸைத் திட்டுகிறார்கள். சீக்கிரம் எழுந்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

‘நடந்து போனால் போச்சு’ என்பதில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. நடப்பதும் ஜூம் செய்வதும் ஒன்றல்ல. இதைக் கையிலிருக்கும் கிட் லென்ஸிலேயே சோதிக்கலாம். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயச் சுவர் இருக்கிறதே, அதற்கு அறுபது மீட்டர் முன்னால் மணலில் ஒரு வள்ளம் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வள்ளத்துக்கு மூன்று மீட்டர் தூரத்தில் நின்று 18-இல் ஒரு படம். பிறகு ஒன்பது மீட்டருக்குப் பின்வாங்கி 54-இல் ஒரு படம். குவியத் தூரமும் மூன்று மடங்கு, தூரமும் மூன்று மடங்கு. அதனால் இரண்டு படத்திலும் வள்ளம் ஒரே அளவு. ஆனால் பின்னால் இருக்கும் சுவர்? முதல் படத்தில் எங்கோ தூரத்தில் தீப்பெட்டி போல நிற்கும். இரண்டாவதில் அதைவிட ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு பெரிதாக வள்ளத்தின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். முதலாவது தனித்துக் கிடக்கும் வள்ளத்தின் படம். இரண்டாவது அழிந்த ஊரின் முன்னால் கிடக்கும் வள்ளத்தின் படம். நிற்கிற இடம் கதையைத் தீர்மானிக்கிறது. குவியத் தூரம் அந்தக் கதையை எந்த அளவில் வெட்டுவது என்று தீர்மானிக்கிறது.

இந்த இரண்டும் வேறு வேறு என்று எனக்கு உறைத்தது ஜூமை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே பிரைமில் ஒரு வருஷம் எடுத்த பிறகுதான். ஜூமில் நாம் நின்ற இடத்திலேயே நின்று திருகிக்கொண்டிருப்போம். பிரைம் காலைக் கிளப்பும். சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய பெண்களை ஒருமுறை தூரத்திலிருந்து 200-இல் இழுத்துக்கொண்டிருந்தேன். அதில் ஓர் அக்கா ஈர மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடமே வந்தார். “அங்கன நின்னு என்னத்த ஒளிஞ்சு ஒளிஞ்சு எடுக்குறீக? எடுக்குறதுன்னா கிட்ட வந்து எடுங்க. எங்க மூஞ்சி என்ன கடிக்கவா போகுது?” அன்றைக்கு 35 எம்.எம். மாட்டிக்கொண்டு ஒன்றரை மீட்டரில் உட்கார்ந்து எடுத்த படத்தில், அவர் விரல்களில் சுற்றியிருந்த துணி, பாறை கீறிய தழும்பு, சிரிப்பு மூன்றும் இருக்கின்றன. 200-இல் எடுத்த படங்களில் எல்லோரும் அழகாக இருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

சரி, பிரைம் என்று முடிவாகிவிட்டால் எல்லோரும் பிஃப்டிதான் வாங்க வேண்டுமா? மலிவு என்பதால் முதலில் கைக்கு வருவது அதுதான். மலிவுக்குக் காரணம் பழமை. அந்த லென்ஸ் வடிவத்துக்கு வித்திட்ட பிளானாரை, ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனியில் பால் ருடால்ஃப் 1896-இலேயே வடிவமைத்துவிட்டார். எளிமையான அமைப்பு, கேனானின் 50 எம்.எம். எஃப் 1.8 எஸ்.டி.எம். லென்ஸில் மொத்தம் ஆறு கண்ணாடி. அதே கம்பெனியின் 18-55 எஸ்.டி.எம். கிட் லென்ஸில் பதின்மூன்று. குவியத் தூரத்தை மாற்றிக்கொண்டே தெளிவையும் காப்பாற்ற வேண்டுமென்றால் கண்ணாடிகள் உள்ளே முன்னும் பின்னும் நகர்ந்தாக வேண்டும். அதனால்தான் புகைப்படக் கேமராவுக்கான முதல் ஜூம் கடைக்கு வர 1959 ஆயிற்று. ஃபோய்க்ட்லாண்டர் ஸூமார், 36-82.

ஆனால் கிராப் பாடியில் பிஃப்டி நெருக்கும். பத்தடி அறை என்று வையுங்கள். சுவரில் முதுகு ஒட்ட, மூன்று மீட்டர் தள்ளி நின்று, கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தாலும் ஏறக்குறைய நாலரை அடி உயரம்தான் படத்தில் அடங்கும். நிற்கிற ஆளின் கால் வெட்டுப்படும். 35 எம்.எம். என்றால் ஆறரை அடி. ஆள் முழுசாக வருவார். நம் பக்கத்து வீடுகளின் அடுப்படி, சாமி அறை, மணப்பெண் அலங்கார அறை எல்லாம் இந்தப் பத்தடி கணக்குக்குள்தான். வீட்டுக்குள் எடுக்கிறவர் கிராப் பாடி வைத்திருந்தால் 35 எஃப் 1.8 பக்கம் போவது நல்லது. புல் பிரேம், அதாவது பெரிய சென்சார் கேமரா, என்றால் பிஃப்டியே அந்த வேலையைச் செய்துவிடும்.

இரண்டையும் ஒன்றாகத் தரும் எஃப் 2.8 ஜூம்களைப் பற்றிக் கேட்பீர்கள். 24-70, 70-200 மாதிரி. இழுத்தாலும் எஃப் எண் ஏறாது. தொழிலுக்கு நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். மணவறையில் தாலி ஏறும் நேரத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. 1.8-க்கும் 2.8-க்கும் வெளிச்ச வித்தியாசம் இரண்டரை மடங்குக்குள்தான். எடையும் விலையும்தான் தோளையும் பர்ஸையும் ஒன்றாகப் பிடிக்கும்: புல் பிரேமுக்கான 70-200 எஃப் 2.8 ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை இருக்கும், லட்சத்தைத் தாண்டும். பிஃப்டி இருநூறு கிராமுக்குள். தொடக்கக்காரருக்கு நான் இந்த 2.8 ஜூமை வாங்கச் சொல்ல மாட்டேன். வேண்டிய நாளைக்கு மதுரையில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இனி நம் கரைக்கே உரிய தொல்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அரிச்சல்முனைச் சாலையில் மணல் பாம்பு மாதிரி நெளிந்து ஓடும். ஒரு ஆடி மாதம், அந்தக் காற்றில் நின்றபடி பிரைமைக் கழற்றி ஜூமை மாட்டினேன். மொத்தம் பத்து நொடிகூட ஆகியிருக்காது. வீட்டுக்கு வந்து பார்த்தால் வானம் வரும் படம் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் கரும்புள்ளிகள், ஏழெட்டு. சென்சாரில் மணல்துகள். 1.8-இல் எடுத்த படங்களில் புள்ளி தெரியவே இல்லை. எஃப் 11-இல் எடுத்ததில் மிளகு தூவியதுபோலத் தெரிந்தது. துளை சிறுத்தால் வெளிச்சம் ஒல்லியாக வந்து தூசியின் நிழலைக் கூர்மையாக விழவைக்கிறது. இரண்டு பிரைம் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எடுக்கும் கனவெல்லாம் இந்தக் காற்றில் எடுபடாது. ஒன்று ஒரே ஜூமை மாட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் ஒரே பிரைமோடு போய் அதில் கிடைப்பதை எடுத்து வர வேண்டும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் கார் கதவைச் சாத்திக்கொண்டு, கேமராவின் சுவிட்சை அணைத்து, அதன் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து மாற்றலாம். ஜூமும் முழுக்கப் பத்திரம் என்று சொல்லமாட்டேன். திருகும்போது மூக்கு நீளும் ரகம், நீண்டு சுருங்கும்போது துருத்தி மாதிரி காற்றை உள்ளே இழுக்கும். காற்றோடு தூசியும் வரும்.

உப்பும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை. வாடைக்காற்று மாதங்களில் பையிலேயே கிடந்த என் பழைய ஜூமின் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி படர்ந்துவிட்டது. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பாக்கெட், மாதம் இரண்டு முறையாவது எடுத்து வெளிச்சம் காட்டுதல், இவ்வளவு போதும். கரையிலிருந்து வந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் லென்ஸின் உடம்பைத் துடைத்துவிடுங்கள். உலர்ந்த துணியால் உப்பைத் தேய்த்தால் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அக்கா மகன், “அப்ப நான் எதத்தான் வாங்க?” என்றான். நியாயம்தான்.

“எதையும் வாங்காத. வயர்மேன் சுத்துற இன்சுலேஷன் டேப் ஒண்ணு வாங்கு. பத்து ரூவா.”

கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35-இல் வைத்து டேப்பைச் சுற்றி ஒட்டிக் கொடுத்தேன். ஒரு வாரம் அதிலேயே எடு, அடுத்த வாரம் பிரித்து 50-இல் ஒட்டு, மூன்றாவது வாரம் டேப் இல்லாமல் எடு என்றேன். கடைசி வாரப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொன்றும் எந்த எம்.எம்.-இல் விழுந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். படத்தின் விவரத்தில் அந்த எண் பதிவாகியிருக்கும். கூடவே ஒரு நோட்டில், கோட்டைவிட்ட ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ‘கால்’ அல்லது ‘வெளிச்சம்’ என்று ஒரே ஒரு வார்த்தை.

மூன்று வாரம் கழித்து வந்தான். நோட்டில் வெளிச்சம் என்று பத்தொன்பது இடத்தில் இருந்தது. கால் என்று ஆறு. அதில் நாலு, ஒரே நாளில் எடுத்த பூநாரை. கம்ப்யூட்டர் கணக்கில் பாதிக்கு மேல் 30-க்கும் 40-க்கும் நடுவே. பாட்டி அடுப்படியில் மீன் அலசும் படங்கள், தம்பி பாயில் படுத்துப் படிக்கும் படங்கள், ராத்திரி டீக்கடை. கேள்வி கேட்கும்போது அவன் வாயில் இருந்த 50-உம் இல்லை, 70-300-உம் இல்லை.

செகண்ட் ஹேண்டில் ஒரு 35 எஃப் 1.8 தேடிக்கொண்டிருக்கிறோம். டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். கிட் ஜூமை விற்க விடவில்லை; பகல் வேலைக்கு அது கிடக்கட்டும். தை மாதம் பூநாரைக்கு என்னுடைய 70-300-ஐ எடுத்துக்கொண்டு போவான். இப்போதைக்கு அவனுடைய ஒரே கவலை, ஜூம் வளையத்தில் ஒட்டிக்கொண்ட டேப் பிசின்.

“மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கவா மாமா?”

“ரப்பர் உரிஞ்சு வந்துரும்டா. தேங்காயெண்ணெய ஒரு சொட்டு துணியில தொட்டுத் தேய். கண்ணாடிப் பக்கம் கொண்டு போயிராத.”